முதல் ஒயின் ஏன் பலருக்குப் பிடிப்பதில்லை? எதில் தொடங்கலாம்?

ஆபீஸ் பார்ட்டியில் மெனு கார்டு கைக்கு வருகிறது. ஒயின் பக்கத்தில் வாயில் நுழையாத பெயர்கள். பக்கத்து டேபிளைப் பார்த்து ரெட் ஒயின் ஆர்டர் செய்துவிட்டு, முதல் மடக்கிலேயே "இதையா இவ்வளவு ரசிச்சுக் குடிக்கிறாங்க?" என்று முகம் சுளிப்பவர்கள் ஏராளம். அத்தோடு 'ஒயின் நமக்கு செட் ஆகாது' என்று முடிவும் கட்டிவிடுகிறார்கள். சிக்கல் பெரும்பாலும் தொடங்கிய இடத்தில்தான்.

நம்மில் பலருக்கு ஒயின் என்றதும் நினைவுக்கு வருவது, கிறிஸ்துமஸுக்காக வீட்டில் சர்க்கரை போட்டு ஊறவைக்கும் திராட்சை ஒயின். அந்த இனிப்பை எதிர்பார்த்துப் போனால், ரெஸ்டாரன்ட்டில் கிடைப்பது பெரும்பாலும் 'டிரை' ஒயின். திராட்சையில் இருந்த சர்க்கரையை ஈஸ்ட் ஏறக்குறைய முழுவதுமாக ஆல்கஹாலாக மாற்றிவிட்ட ஒயின் அது. அதாவது, இனிப்பே இருக்காது.

வாயை இழுத்துப் பிடிப்பது எது?

துவர்ப்பு! திராட்சையின் தோலிலும் விதையிலும் இருக்கும் டானின் என்ற பொருள்தான் காரணம். பாக்கு, வாழைப்பூ, பால் சேர்க்காத ஸ்ட்ராங் டீ ஆகியவற்றில் உணர்வதும் இதே துவர்ப்புதான். ரெட் ஒயினில் சாறு தோலோடு சேர்ந்து நொதிக்கிறது. நிறமும் துவர்ப்பும் அப்படித்தான் வருகின்றன. ஒயிட் ஒயினுக்குச் சாற்றைப் பிழிந்து, தோலை நீக்கிவிட்டே நொதிக்க வைப்பதால் துவர்ப்பு மிகக் குறைவு.

இனிப்பு, புளிப்பு, துவர்ப்பு. அறுசுவையில் இந்த மூன்றையும் கவனித்தாலே, உங்களுக்கு எது பிடிக்கும் என்பது புரிந்துவிடும்.

உங்கள் நாக்குக்கு எது?

* இனிப்புப் பிரியரா? இத்தாலியின் மொஸ்காட்டோ டி ஆஸ்டி. இனிப்பும் லேசான நுரைப்பும் உண்டு. ஆல்கஹால் சுமார் 5 சதவீதம்தான்.
* லெமன் சோடா ரசிகரா? சாவிஞான் பிளாங். எலுமிச்சை போன்ற புளிப்பு தூக்கலாக இருக்கும்.
* இரண்டுக்கும் நடுவிலா? செனின் பிளாங். மகாராஷ்டிராவின் நாசிக்கில் பரவலாக விளையும் திராட்சை இது. லேசான இனிப்புள்ளதும் கிடைக்கும், டிரையும் கிடைக்கும், கேட்டு வாங்குங்கள்.
* கட்டாயம் ரெட்தானா? துவர்ப்பு குறைவான பினோ நுவார், அடுத்து மெர்லோ. கேபர்நே சாவிஞான், ஷிராஸ் போன்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முழு பாட்டில் வாங்குவதைவிட, நண்பர்களோடு போகும்போது ஆளுக்கொரு கிளாஸ் வேறு வேறு ரகமாக வாங்கி, ஆளுக்குக் கொஞ்சம் ருசி பார்ப்பது நல்லது. அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். பிடித்ததன் லேபிளை போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

காரசாரமான சிக்கனுக்கு ஸ்ட்ராங்கான ரெட் ஒயின் வேண்டாம். ஆல்கஹாலும் துவர்ப்பும் காரத்தை இன்னும் ஏற்றிவிடும். லேசாக இனிக்கும் ஒயிட் ஒயின் பொருந்தும்.

விலை கூடினால் சுவை கூடுமா?

அமெரிக்காவில் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2008-ல் ஒரு சுவாரஸ்யமான ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே ஒயினை ஒருமுறை 10 டாலர் என்றும், இன்னொருமுறை 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 டாலர் என்று சொன்னபோதுதான் 'சூப்பர்' என்றார்கள் குடித்தவர்கள். ஆக, விலைப்பட்டியலைப் பார்த்து மிரள வேண்டியதில்லை.

'ரூம் டெம்பரேச்சர்' குழப்பம்

ரெட் ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும் என்பார்கள். அது ஐரோப்பாவின் குளிர்ந்த அறைகளுக்கான கணக்கு. 15 முதல் 18 டிகிரி செல்சியஸ்தான் அதற்குச் சரி. சென்னையில் அறையே 30 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் ஆல்கஹால் நெடிதான் தூக்கலாகத் தெரியும். அரை மணி நேரமாவது ஃப்ரிட்ஜில் வைத்து எடுங்கள். ஒயிட் ஒயின் என்றால் நன்றாகவே ஜில்லென்று இருக்க வேண்டும். திறந்த பாட்டிலை மூடி ஃப்ரிட்ஜில் வைத்து, மூன்று நாளுக்குள் முடிப்பது நல்லது.

'ஹார்ட்டுக்கு நல்லது' என்பது உண்மையா?

இதை நம்பித் தொடங்காதீர்கள். 'உடல்நலத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் மதுவில் இல்லை' என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் ஆல்கஹாலும் இருக்கிறது. ஒயினுக்கு அதில் விலக்கு இல்லை.

'ஒயின்தானே, லைட்டு' என்பதும் தப்புக் கணக்கு. 12 சதவீத ஒயின் 150 மி.லி. கிளாஸ் ஒன்றில் இருக்கும் ஆல்கஹால், 5 சதவீத பீர் 330 மி.லி. பாட்டிலில் இருப்பதைவிடச் சற்று அதிகம். குடித்துவிட்டு வண்டி எடுக்காதீர்கள். தமிழ்நாட்டில் 21 வயது நிறையாதவர்களுக்கு மது விற்கக் கூடாது என்பது விதி.

ருசி பார்த்தும் எதுவும் பிடிக்கவில்லையா? "எனக்கு லைம் ஜூஸ் போதும்" என்று தயங்காமல் சொல்லிவிடுங்கள். பார்ட்டியில் கிளாஸைக் கையில் பிடித்தே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.