தோட்டத்தில் ஒரு குழந்தை – 9: கண்ணாடிக்கு அடியில் நத்தை

சென்ற வாரம் மண்புழுவைப் பற்றி எழுதி அனுப்பிய அன்றே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் காலை, துவைக்கிற கல்லின் மேல் எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிய நத்தை ஒன்று. "அம்மா, வீட்டோட வந்திருக்கு!" என்று ஏழு வயது மகள் கத்தினாள்.

நான் பெயர் சொல்லவில்லை. பெயர் தெரிந்ததும் குழந்தை பார்ப்பதை நிறுத்திவிடுகிறது. பழைய போட்டோச் சட்டத்தின் கண்ணாடியைக் கழுவி, கோதுமை மாவுக் கரைசலை மெல்லிசாகத் தடவினேன். கையில் பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு நத்தையைத் தூக்கி வைத்தேன். பை எதற்கென்றும் சொன்னேன்: எலியிடமிருந்து நத்தைக்கு வரும் ஒரு நுண்புழு மனித மூளைவரை போய்த் தொல்லை தரும். வெறுங்கை படக்கூடாது, பட்டால் உடனே சோப்பு. கீரையை நன்றாக அலசுவதும் இதற்காகத்தான்.

வெகுநேரம் அது அசையவில்லை. பிறகு கொம்புகள் நீண்டன: கீழே குட்டையாக இரண்டு, மேலே நீளமாக இரண்டு. மேல்கொம்பின் நுனியில் இருக்கும் புள்ளிதான் கண். ஈர்க்குச்சியால் தொட்டதும், சட்டைக் கையை உட்புறமாக இழுத்ததுபோல் கண் கொம்புக்குள்ளேயே போய்விட்டது.

கண்ணாடியை உயர்த்தி, அடியிலிருந்து பார்க்கச் சொன்னேன். வாலிலிருந்து தலைப்பக்கமாகக் கோடு கோடாக அலைகள் ஓடின. ஒற்றைப் பாதத்தின் தசை சுருங்கி விரிவதுதான் அது. வாய் திறந்து மூடும்போதெல்லாம் மாவில் ஒரு கீற்று குறைந்தது. ஆயிரக்கணக்கான நுண்பற்கள் பதிந்த நாக்கு, தேங்காய்த் துருவியைப் போலச் சுரண்டுகிறது. ஓட்டு விளிம்பை ஒட்டி வலப்புறம் ஒரு துளை திறந்தது, மூடியது. "மூச்சு விடுது" என்றாள். இதை நான் சொல்லித்தரவில்லை.

"வளர்ந்ததும் வேற வீடு தேடுமா?" காலிச் சங்கில் குடியேறும் நண்டைக் கடற்கரையில் பார்த்திருக்கிறாள். ஓட்டின் கூர்நுனியைக் காட்டினேன். அந்தத் துளி, முட்டைக்குள் இருந்தபோதே உண்டானது. சுண்ணாம்புச் சத்தைத் தின்று தின்று விளிம்பில் சேர்த்துக்கொண்டே போகிறது. சுவரின் வெள்ளையடிப்பை நத்தை சுரண்டுவது இதற்காகவே.

மறுநாள் குளியலறை ஓரத்தில் கறுப்பாக ஒன்று, முதுகு நடுவே வெளிர்க்கோடு. "அட்டை!" பெரியவர்களே அப்படித்தான் சொல்கிறார்கள். அட்டைக்கு உடம்பெல்லாம் வளையம், இரு முனையிலும் உறிஞ்சி, கொம்பு கிடையாது. இதற்குக் கொம்பு உண்டு. இது ஓடில்லாத நத்தை, ரத்தம் குடிக்காது.

பக்கத்து வீட்டுப் பையன் உப்பு டப்பாவோடு வந்தான். நான் தடுத்துவிட்டு, மாங்காய்த் துண்டில் உப்பைத் தூவிக் காட்டினேன். சற்று நேரத்தில் நீர் விட்டது. "அதோட ஈரத் தோலிலும் இப்படித்தான் உடம்புத் தண்ணியெல்லாம் வெளியே வந்துடும்டா." டப்பாவை அவனே மூடினான்.

ஞாயிற்றுக்கிழமை, செம்பருத்தித் தொட்டியை நகர்த்தியபோது ஈர மண்ணில் மிளகளவு மஞ்சள் முட்டைகள். நூறு தாண்டியதும் எண்ணிக்கை தவறிவிட்டது. அப்போதுதான் பெயரைச் சொன்னேன்: ஆப்பிரிக்க ராட்சத நத்தை. 1847இல் பென்சன் என்பவர் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அங்கே ஒரு தோட்டத்தில் விடப்பட்டது. இன்று பப்பாளிக் கன்று, வாழைக்கன்று, காய்கறி நாற்று என்று எதையும் விட்டுவைப்பதில்லை. இந்த முட்டைகள் பொரிக்கக்கூடாது என்றேன்.

"உப்பு மட்டும் போடக்கூடாதுன்னே?"

உடனே பதில் வரவில்லை. "வேடிக்கைக்காகச் செய்யறது வேற. பயிரைக் காப்பாத்த வேற வழியில்ல. ஆனா வதைக்காம, ஒரே நொடியில முடிச்சிடணும்" என்றேன். அது அவளுக்குப் போதவில்லை, முகத்தில் தெரிந்தது. களைக்கொத்தை அவளே எடுத்து வந்து என்னிடம் நீட்டினாள். நான் முட்டைகளை நசுக்கி மண் மூடும்வரை கொடியில் காயும் துணிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.