குழப்படிக்குக் கூலி கொடுப்பது யார்?

தொடர் – 9

திருகோணமலை பிரெட்ரிக் கோட்டை வாசலில் திரியும் புள்ளிமான்களுக்கு ஆட்களைக் கண்டு பயமில்லை. கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்களின் கையில் பை தெரிந்தால் கிட்ட வந்து மூக்கை நீட்டும். நகரத்துக்குள்ளும் இறங்கிக் குப்பையைக் கிளறும். சாப்பாட்டோடு பொலித்தீனையும் விழுங்கிச் செத்தவை உண்டு. அந்த மான்களுக்குத் திமிர் என்றோ, வளர்ப்புச் சரியில்லை என்றோ யாரும் பேசுவதில்லை. வாழைப்பழம் நீட்டிப் பழக்கியது மனிதர்தான் என்று எல்லாருக்கும் தெரியும். பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் இந்தத் தெளிவு நம்மை விட்டுப் போய்விடுகிறது. "அப்படியே தகப்பனைக் கொண்டு பிறந்திருக்கு" என்று ஒரு வரியில் வழக்கை முடித்துவிடுகிறோம்.

ஒரு செயலுக்கு முன்னால் என்ன நடக்கிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் அதற்குப் பின்னால் நடப்பதைப் பார்ப்போம். பெரும்பாலும் அந்த இடத்தில் நிற்பது நாமேதான் என்பதால், நாம் அதிகம் திரும்பிப் பார்க்காத பக்கம் இது.

மத்திய வீதியில் எந்தக் கடையிலும் நடக்கக்கூடியது: நாலு வயதுப் பிள்ளை ரொபி கேட்கிறது. தாய் இல்லை என்கிறாள். முதலில் சிணுங்கல், பிறகு அழுகை, பிறகு நிலத்தில் விழுந்து உருளல். கடைக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். "சரி, இந்தா, வாயை மூடு." பிள்ளைக்கு ரொபி கிடைத்தது. தாய்க்கும் ஒன்று கிடைத்தது: சத்தம் நின்றது, மானம் தப்பியது. அடுத்த முறை பிள்ளை சிணுங்குவதில் நேரத்தை வீணாக்காது, நேரே உருளும். தாயும் முந்தியதைவிடக் கெதியாகக் கொடுப்பாள். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஜெரால்ட் பாட்டர்சன் என்ற உளவியலாளர் குடும்பங்களின் வீட்டுக்கே போய் இப்படியான இழுபறிகளை அவதானித்துக் குறித்தெடுத்து, 1982இல் நூலாக எழுதினார். பிள்ளை தாயையும் தாய் பிள்ளையையும் ஒரே நேரத்தில் பழக்குகிறார்கள் என்பது அவர் கண்டது. யார் தொடக்கினார் என்று கேட்பதில் பிரயோசனம் இல்லை.

கொடுப்பதை நிறுத்தினால் போதும்போலத் தெரியும். ஆனால் கூலி நின்ற முதல் நாட்களில் அழுகை குறையாது, கூடும். இதை எதிர்பாராத தாய் மூன்றாம் நாள் இளகிவிட்டால், இன்னும் கொஞ்சம் பலத்து அழுதால் கிடைக்கும் என்று பிள்ளை படித்துக்கொள்ளும். தினமும் கிடைக்கும் கூலியைவிட இடைக்கிடை கிடைக்கும் கூலி பழக்கத்தை இறுக்கும். லொத்தர் சீட்டு விற்பவர்களின் பிழைப்பே இதில்தான் நடக்கிறது.

அதனால் நிறுத்துவதோடு வேறொரு வழியையும் திறந்துவிட வேண்டும். எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் இருவரும் 1985இல் வெளியிட்ட ஆய்வு மிகச் சிறியது. வளர்ச்சிக் குறைபாடு உள்ள நாலு பிள்ளைகள்தான் அதில். பாடம் கடினமாகும்போது குழப்படி செய்தவர்களும் இருந்தார்கள், பெரியவர்களின் கவனிப்புக் குறையும்போது செய்தவர்களும் இருந்தார்கள். பாடத்தில் தடுமாறியவர்களுக்கு "எனக்கு விளங்கவில்லை" என்று சொல்லப் பழக்கினார்கள். கவனிப்புக்கு ஏங்கியவர்களுக்கு "நான் நல்லாய்ச் செய்கிறேனா?" என்று கேட்கப் பழக்கினார்கள். குழப்படி வெகுவாகக் குறைந்தது. ஒருவருக்கு உரிய வசனத்தை விட்டு மற்ற வசனத்தைப் பழக்கியபோது குறையவில்லை. பிள்ளை எதைக் கேட்கிறது என்று கண்டுபிடிக்காமல் கொடுக்கிற மருந்து, நல்ல மருந்தாக இருந்தாலும் பிடிக்காது.

நம் கரையோரத்தில் கூலி என்பது ரொபியும் கவனிப்பும் மட்டுமில்லை. பயம் விலகுவதும் கூலிதான். 2006 ஏப்ரலில் குண்டுவீச்சுக்குள் ஊரை விட்டோடிய சம்பூர் மக்கள் கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் கிடந்துவிட்டு 2015, 2016இல்தான் திரும்பினார்கள். முகாமில் பிறந்து எட்டு, ஒன்பது வயதில் ஊர் பார்த்த பிள்ளைகள் அவர்களுக்குள் இருந்தார்கள். முகாம் வாழ்க்கையில் தண்ணீருக்கு முந்திப் போய் நிற்பதும், கிடைத்ததை இறுக்கிப் பிடிப்பதும், சத்தம் கேட்டால் காரணம் கேட்காமல் ஓடுவதும் புத்தியான காரியங்கள். அதே பிள்ளை பள்ளிக்கூடத்தில் வரிசையை இடித்துக்கொண்டு முன்னுக்கு வந்தால் ரீச்சரின் கண்ணுக்குக் குழப்படி. பிள்ளையின் கணக்கில் அது இன்னும் சரியான விடையாகவே இருக்கிறது.

போரும் சுனாமியும் பிள்ளைகளை என்ன செய்தன என்று அறிய, கிளாவ்டியா கட்டானியும் குழுவினரும் வடகிழக்கில் 296 தமிழ் மாணவர்களோடு பேசினார்கள். முடிவுகள் 2008இல் வெளிவந்தன. போர் சார்ந்த ஏதோ ஒன்றை அனுபவித்தவர்கள் நூற்றுக்கு 82 பேர். வீட்டுக்குள் வன்முறையில் ஏதோ ஒன்றையாவது அனுபவித்தவர்கள் நூற்றுக்கு 95க்கும் மேல். ஷெல்லையும் கடலையும் விட வீடு அதிகம் பேரைத் தொட்டிருந்தது. தகப்பன் குடிப்பதும், பிள்ளை போரைக் கண்டிருப்பதும், வீட்டில் வாங்கும் அடியும் ஒன்றோடொன்று பிணைந்தே இருந்தன.

வீட்டில் வாங்கியது போதாதென்று பள்ளிக்கூடத்திலும் பிரம்பு. கல்வி அமைச்சு 2005இல் சுற்றறிக்கை போட்டு அடியைத் தடை செய்தது. 2016இல் திரும்பவும் சுற்றறிக்கை போட வேண்டி வந்தது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்காக ஆறு மாவட்டங்களில் செய்யப்பட்டு 2017இல் வந்த ஆய்வில், முந்தைய ஒரு தவணைக்குள் ஏதோ ஒரு வகை உடல் தண்டனை பெற்றதாகச் சொன்ன மாணவர்கள் நூற்றுக்கு 80 பேர். சட்டம் தெரியாமலா அடிக்கிறார்கள்? பிரம்பின் கூலி உடனே கிடைக்கிறது, அதுவும் அடித்தவருக்கு. ஒரு அடி, வகுப்பு கப்சிப். அந்த அமைதி கால் மணித்தியாலம்தான் நீடிக்கும். ஆனால் கைக்குப் பழக்கம் ஏற அது தாராளம். அடி வாங்கியவன் நாளைக்கும் அதே குழப்படி செய்தால், பிரம்பு வேலை செய்யவில்லை என்று ரீச்சருக்குத் தோன்றாது. போதாமல் போய்விட்டது என்றே தோன்றும்.

அடிக்காத ரீச்சரும் ஒரு பொறியில் விழுவதுண்டு. கணக்கு விளங்காத பையன் பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளுகிறான். "வெளியே போ!" அவன் கேட்டதே அதுதான். பின்னக் கணக்கிலிருந்து அவன் தப்பினான், அவனிடமிருந்து ரீச்சர் தப்பினார். இருவருக்கும் கூலி கிடைத்த வகுப்பறையில் நாளைக்கும் கிள்ளல் நடக்கும். அவனுக்கு இரண்டு சின்னக் கணக்கைக் கொடுத்து, முடித்ததும் கொப்பியைத் திருத்தி ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள். முக்கியமாக, அவன் கிள்ளாமல் இருக்கும் நிமிடத்தில் போய்ப் பக்கத்தில் நில்லுங்கள். தடையைப் போட்ட சுற்றறிக்கைகள் பிரம்பைப் பறித்த கையில் வேறெதையும் வைக்கவில்லை என்பது என் மனக்குறை. வடக்கில் போரால் பாதிக்கப்பட்ட 399 பிள்ளைகளிடம், பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்களைக் கொண்டு பள்ளிக்கூடத்திலேயே 15 உளநல அமர்வுகள் நடத்திப் பார்த்த ஆய்வு 2012இல் வந்தது. குழப்படி நடத்தைகள் குறைந்தன, சிறிய வயதினரிடம் கூடுதலாக. ஆனால் போரின் மனவடு அறிகுறிகளில், அமர்வுகளில் இருந்த பெண்பிள்ளைகளைவிடக் காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்கள் கூடுதலாகத் தேறியிருந்தார்கள். எனவே இதையும் சர்வரோக நிவாரணி என்று சொல்ல மாட்டேன்.

பெரியவர்களிடம் வருவோம். கடலுக்குப் போய் வந்தவர், பங்கு பிரித்த கையோடு தவறணைக்குப் போகிறார். வெறியில் வந்து விழுகிறவரை மனைவி ஏசுகிறாள், பிறகு எழுப்பிச் சோறு போடுகிறாள். விடியற்காலை சம்மாட்டிக்கு "அவருக்குக் காய்ச்சல்" என்று சொல்லி அனுப்புகிறாள். இதில் பாசமும் இருக்கிறது, மானமும் இருக்கிறது. ஆனால் குடியின் விலையை அவள் கட்டிவிடுகிறாள். என்றைக்காவது அவர் குடிக்காமல் வந்தால்? வட்டிக்கடன், கூரைத் தகரம், மகளின் ரியூசன் காசு எல்லாம் அன்றிரவுதான் வெளியே வரும், வெறியில்லாத நேரம் பார்த்துத்தானே பேச முடியும். குடிக்காத இரவுதான் அவருக்குக் கடினமான இரவாகிவிடுகிறது.

இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தவர்கள் நியூ மெக்சிகோவின் வில்லியம் மில்லர், ராபர்ட் மெயர்ஸ் குழுவினர். சிகிச்சைக்கு வர மறுக்கும் குடிகாரர்களின் உறவினர் 130 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். 1999இல் முடிவு வந்தது. அவரை விட்டுவிட்டு உன்னைப் பார்த்துக்கொள் என்று சொல்லப்பட்டவர்களில் நூற்றுக்கு 13 பேரின் ஆட்களே சிகிச்சைக்கு வந்தார்கள். குடும்பமாகக் கூடி நேருக்கு நேர் கேட்கச் சொல்லப்பட்டவர்களில் 30. குடிக்காத நேரத்தை இனிதாக்கவும், குடித்ததன் விளைவுக்குக் குறுக்கே விழாமல் இருக்கவும் பழக்கப்பட்டவர்களில் 64. எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும்: அவர் கை நீட்டுகிறவராக இருந்தால் இந்தப் பரிசோதனைகளுக்கு முதல் பாதுகாப்பு. பெண்களுக்கு 1938, பிள்ளைகளுக்கு 1929 என்ற தொலைபேசி இலக்கங்கள் அதற்குத்தான் இருக்கின்றன.

கடலில் நடக்கும் இன்னொரு பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். டைனமைட் போட்டு மீன் பிடிப்பதை 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் நீரியல் வளச் சட்டம் தடை செய்கிறது. இந்த மாவட்டத்தில் அது இன்னும் ஒழியவில்லை. கரைவலை இழுத்தால் நாள் முழுக்கப் பாடு. வெடி போட்டால் சில நொடியில் மீன் மிதக்கும். செத்ததில் ஒரு பகுதி மிதக்காமல் அடியில் போவதும், பவளப்பாறை நொறுங்குவதும் போட்டவரின் கண்ணில் படாது. பிடிபடுவது என்றைக்கோ ஒரு நாள். தண்டப்பணத்தை எவ்வளவு கூட்டினாலும் "என்றைக்கோ" என்பது மாறாதவரை அவரது கணக்கும் மாறாது. கடலில் மட்டும் காவல் போட்டுப் பயனில்லை என்று நான் நினைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வெடியில் செத்த மீனின் முதுகெலும்பு நொறுங்கியிருக்கும், வயிற்றுக்குள் இரத்தம் கட்டியிருக்கும். மீன் வெட்டிக் கொடுப்பவருக்கு அது தெரியும், விலை குறைத்துக் கேட்டு வாங்கிப் போய்ச் சமைப்பவருக்கும் தெரியும்.

(அடுத்த வாரம்: போனைப் பறித்த வீடுகள்)