டேங்க் வாய்க்குக் காவல் இல்லை

பங்கில் வண்டியை நிறுத்தி, டேங்க் மூடியைத் திறந்து, "இருநூறுக்குப் போடுங்க" என்கிறோம். பெட்ரோல் என்று யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. பைக்குக்கு வேறு எதைப் போடப்போகிறார்கள் என்ற நம்பிக்கை. அது பொய்த்துப் போகும் நாளில், டீசல் ஏறிய வண்டி பங்கைத் தாண்டிச் சற்றுத் தூரம் நன்றாகவே ஓடும். குழாயில் மிச்சமிருக்கும் பெட்ரோல் தீரும்வரை ஒன்றும் தெரியாது. பிறகு இழுவை குறையும், மிஸ் அடிக்கும், சைலன்சரில் வெள்ளைப் புகை தள்ளும், வண்டி நின்றுவிடும்.

சமவெளியில் இது அரைநாள் தொல்லை. நீலகிரி மலையிலுள்ள தேவாலாவில் அப்படி விட்டுவிட முடியாது. கூடலூரிலிருந்து நாடுகாணி வழியாகப் பந்தலூர் போகும் சாலையில் தேயிலையும் காடும் மாறி மாறி வருகின்றன. இருட்டினால் யானை வரும். 'அரிசி ராஜா' என்று மக்கள் பெயர் வைத்த பிஎம்-2 என்ற மக்னா (தந்தமில்லாத ஆண் யானை), வீடுகளை இடித்து, 2022 நவம்பரில் தேவாலா பகுதியில் ஒரு பெண்ணைக் கொன்றது. டிசம்பரில் அதை மயக்க ஊசி போட்டுப் பிடித்து முதுமலைக் காட்டில் விட்டார்கள். மற்ற யானைகள் இங்கேதான் இருக்கின்றன. நின்றுபோன வண்டியை அந்தியில் தனியாகத் தள்ளிக்கொண்டு நடக்கக்கூடிய சாலை இதுவல்ல. தொழிலாளர் லயன் வீட்டிலிருந்து தோட்டத்துக்கும் தேயிலை ஃபேக்டரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக, கடைசி பஸ் போனபிறகு பலருக்கு இருப்பது அந்த ஒரு பைக்தான்.

இந்தத் தவறு காரைவிட பைக்கில் எளிதாக நடந்துவிடுகிறது. பல நாடுகளில் பெட்ரோல் குழாயின் மூக்கு சுமார் 21 மில்லிமீட்டர், டீசல் மூக்கு சுமார் 25 மில்லிமீட்டர். பெட்ரோல் காரின் வாய் சிறியது. டீசல் மூக்கு அதற்குள் நுழையாது. அந்தச் சிறு ஏற்பாடு எத்தனையோ கார்களைக் காப்பாற்றியிருக்கிறது. பைக்கின் டேங்க் வாயோ அகலம், எந்தக் குழாயையும் உள்ளே விட்டுவிடும். சிறிய ஊர் பங்குகளில் ஒரே மிஷினில் பெட்ரோல் குழாயும் டீசல் குழாயும் அடுத்தடுத்துத் தொங்குவதைப் பார்க்கிறோம். ஜீப்புக்கும் பிக்கப்புக்கும் டீசல் போட்ட அதே கை அடுத்து பைக்குக்குத் திரும்புகிறது. மழையில், வரிசை நீண்டிருக்கும் காலை நேரத்தில், அந்தக் கை தவறுவதற்கு ஒரு நொடி போதும்.

பைக் டேங்கில் டீசலின் பங்கும் அதிகமாகிவிடும். நாம் லிட்டர் கணக்கில் போடுவதில்லை, ரூபாய்க் கணக்கில், அதுவும் ரிசர்வ் விழுந்த பிறகுதான் போடுகிறோம். இருநூறு ரூபாய்க்கு டீசல் இரண்டு லிட்டருக்குச் சற்று மேல் வரும். உள்ளே இருந்ததோ அரை லிட்டர் பெட்ரோல். நிரம்பிய டேங்கில் கால் லிட்டர் டீசல் கலந்தால் புகையோடும் தட்டலோடும் எப்படியோ ஓடிவிடும். இந்தக் கலவையில் ஓடாது. பெட்ரோல் மைனஸ் 40 டிகிரிக் குளிரில்கூடப் பற்றக்கூடிய ஆவியை விடும். டீசல் அப்படி ஆவி விட 35 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். ஸ்பார்க் பிளக்கின் பொறிக்குத் தேவை ஆவி. டீசல் அதைத் தராமல் பிளக்கை நனைத்துக் கரியாக்கும்.

டீசலில் ஓடிய மோட்டார் சைக்கிளும் நம் மாநிலத்தில் உண்டு. ராயல் என்ஃபீல்டு 1990களில் விற்ற 'டாரஸ்' டீசல் புல்லட் 325 சிசி, 6.5 குதிரைத்திறன். மெதுவாகப் போகும், எண்ணெய் குறைவாகக் குடிக்கும். அதன் இன்ஜினுக்குப் பொறியே தேவையில்லை. காற்றை நெரிப்பதால் எழும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். அந்த வண்டியில் பெட்ரோல் போட்டால்தான் கேடு.

வேறு வழியின்றி, தெரிந்தே தவறான எண்ணெயில் வண்டி ஓட்டியவர்களும் தமிழர்கள்தான். தேவாலா வட்டாரத் தோட்டங்களில் வேலை செய்யும் குடும்பங்கள் பல, 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து வந்தவை. அதே தீவின் வடக்கில், 1990இல் போர் மீண்டும் மூண்டபின் பொருளாதாரத் தடையால் பெட்ரோல் கிடைக்காமல் போனது. யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சில சொட்டுப் பெட்ரோலைக் கார்புரேட்டரில் விட்டு ஸ்டார்ட் செய்வது, இன்ஜின் சூடானதும் மண்ணெண்ணெயில் தொடர்வது. அன்றைய எளிய இன்ஜின்களும் கார்புரேட்டரும் அதைத் தாங்கின. பிஎஸ்-6 புகை விதிப்படி வந்த இன்றைய வண்டியிடம் அந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய் இன்ஜெக்டர் வந்துவிட்டது. பழைய வண்டியில் பெட்ரோல் டேப்பை மூடி, குழாயை உருவி, டேங்கை வடித்து, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்தினால் பாதி வேலை முடிந்தது. சாலையோரத்திலேயே செய்யலாம். புதிய வண்டியில் பம்ப் டேங்குக்குள்ளே இருப்பதால் அதை ஒர்க்‌ஷாப்பில்தான் கழற்ற வேண்டும். எரியாத டீசல் சைலன்சருக்குள் போனால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் ஆக்சிஜன் சென்சாரையும் பாழாக்கும். சிலிண்டர் வழியாகக் கசிந்து இன்ஜின் ஆயிலையும் நீர்க்கச் செய்யும்.

அதனால் செலவு எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது, தெரிந்த பிறகு நாம் செய்வதுதான். பங்கிலேயே தெரிந்துவிட்டால் சாவியைக்கூட ஆன் செய்யக் கூடாது. ஆன் செய்ததும் பம்ப் சுழன்று டீசலை இன்ஜெக்டருக்குத் தள்ளிவிடும். நியூட்ரலில் தள்ளி ஓரம் கட்டி, வடித்துவிட்டு நல்ல பெட்ரோல் போட்டால் வேலை அத்தோடு முடியலாம். வழியில் நின்றுவிட்டால் திரும்பத் திரும்ப செல்ஃப் அடிப்பதும், இறக்கத்தில் உருட்டி கிளட்ச் விடுவதும்தான் சின்னச் செலவைப் பெரிதாக்குகின்றன. ஓடி நின்ற வண்டிக்கு பிளக், ஃபில்டர், ஆயில் மூன்றையும் மாற்றிவிடுவது நல்லது.

பங்க்தான் எப்போதும் காரணம் என்றும் சொல்ல முடியாது. தேயிலைத் தோட்டத்தில் இலை வெட்டும் மிஷினும் புதர் வெட்டும் மிஷினும் உள்ள வீட்டில், 2டி ஆயில் கலந்த பெட்ரோல் ஒரு கேனில், டீசல் இன்னொன்றில், மண்ணெண்ணெய் வேறொன்றில் இருக்கும். அவசரத்தில் 2டி கலவையை பைக்கில் ஊற்றிவிட்டால் பயப்பட வேண்டாம். கொஞ்சம் புகை வரும், பிளக் அழுக்காகும், அவ்வளவே. டீசல் கேன் மாறினால்தான் விஷயம் வேறு. கேனுக்கொரு நிறத்தில் பெயின்ட் அடித்து வைக்கலாம்.

தேவாலாவில் டீசலைவிட அதிகம் அஞ்ச வேண்டியது தண்ணீருக்கு. தமிழ்நாட்டிலேயே மிக அதிக மழை பெய்யும் ஊர்களில் இது ஒன்று. தென்மேற்குப் பருவத்தில் வண்டி நாள் முழுக்க நனைகிறது. டேங்க் மூடியைச் சுற்றியுள்ள வடிகால் துளை அடைத்துக்கொண்டால் மழைநீர் உள்ளே இறங்கும். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனாலுக்குத் தண்ணீர்மேல் ஆசை அதிகம். கொஞ்சம் தண்ணீரைத் தனக்குள் கரைத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். இன்ஜின் உறிஞ்சுவது அந்த அடியிலிருந்துதான். அப்போதும் வண்டி டீசல் போட்டதுபோலவே மிஸ் அடிக்கும்.

எது என்று பார்க்க, டேங்கிலிருந்து கொஞ்சம் வடித்துக் கண்ணாடி பாட்டிலில் வைத்தால் போதும். தண்ணீர் என்றால் அடியில் தனி அடுக்காக நிற்கும். டீசல் பெட்ரோலோடு ஒன்றாகவே கலந்திருக்கும். விரலில் தொட்டால் பிசுபிசுப்பு போகாது. பங்கிலேயே சந்தேகம் வந்தால் ஃபில்டர் பேப்பர் கேட்கலாம். ஒரு சொட்டு விட்டால் சுத்தமான பெட்ரோல் இரண்டு நிமிடத்தில் கறையின்றிக் காய்ந்துவிடும்; டீசல் எண்ணெய்க் கறையாக நிற்கும். காசு வாங்காமல் அந்தத் தாளைத் தர வேண்டியது பங்கின் கடமை. குழாய் உள்ளே போகும் முன் மிஷினில் லிட்டர் விலையையும் பார்த்துவிடுங்கள்: சில ஆண்டுகளாகப் பெட்ரோல் 100 ரூபாய்க்கு மேல், டீசல் அதற்குக் கீழ். பில்லையும் வாங்கி வையுங்கள். போட்டது என்ன என்பதற்கு அதுதான் சாட்சி.

வண்டியைச் சரிசெய்யும் செலவை பங்க் ஏற்க வேண்டும். அதைக் குழாய் பிடித்த பையனின் சம்பளத்தில் பிடிப்பது அநியாயம். இரண்டு குழாயையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டது அவன் இல்லை. பெரிய ஊர்களில் இருசக்கர வண்டிகளுக்கென்று பெட்ரோல் மட்டும் வரும் மிஷின் தனியாக நிற்கிறது. கூடலூர், பந்தலூர் வட்டங்களின் பங்குகளிலும் எண்ணெய் நிறுவனங்கள் அப்படி ஒன்றை வைக்க வேண்டும். அதற்கு இடமில்லாத பங்கில், டீசல் குழாயையாவது மிஷினின் மறுபக்கத்துக்கு மாற்ற வேண்டும்.