வியர்க்குருவும் தறிக்குழியும்

கத்திரி வெயில் நாட்களில் தருமபுரி மாவட்டத்துத் தறி வீடுகளில் வியர்க்குரு காணாத முதுகு அரிது. உடற்சூடு என்று எண்ணி அங்கத்தினர் பலர் எண்ணெய் தேய்த்துக்கொள்கின்றனர். அது தகாது. வியர்வை வெளிவரும் நுண்குழாய்கள் அடைபட்டு, வியர்வை தோலுக்குள்ளேயே தங்குவதால்தான் குருக்கள் எழுகின்றன. எண்ணெயும் களிம்பும் அவ்வடைப்பை மிகுவிக்கும். பவுடரை அப்புவதும் அவ்வாறே.

வயலில் உழைப்போருக்குக் காற்றேனும் உண்டு. நெசவாளரோ, காற்றுப் பட்டால் பாவு உலர்ந்து இழை அறும் என்று சன்னலைச் சாத்திவிடுகின்றனர். நூலுக்கு ஈரம் வேண்டும். தோலுக்குக் காற்று வேண்டும். பாவின்மேல் வீசாதவாறு முதுகுப்புறச் சன்னலைத் திறந்துவைத்தால் இரண்டும் ஓரளவு நிறைவேறும். நடுப்பகலில் தறியை நிறுத்தி, விடியலிலும் மாலையிலும் நெய்வது அதனினும் நன்று. கூலி குறையுமே என்பர். முதுகைச் சொறியும் கையாலும் நெசவு நடப்பதில்லை.

வந்துவிட்டால், குளிர்ந்த நீரில் குளித்து, ஈரத்தைத் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, தளர்ந்த பருத்தி ஆடை அணிந்தால் பெரும்பாலும் சில நாட்களில் தணியும். அரிப்பு மிகுந்தால் கலமைன் பூசலாம். தூளியில் கிடக்கும் குழந்தையைக் கனத்த துணியால் சுற்றுதல் கூடாது. சீழ் வைத்தாலோ காய்ச்சல் கண்டாலோ தாமதியாது ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்க.