ஆறு கால் அயலவர்

அடுப்பில் தேநீருக்குத் தண்ணீரை வைத்துவிட்டு, கறிக்கு இரண்டு ஈர்க்குக் கறிவேப்பிலை ஒடிக்க வளவுக்குப் போகிறோம். இலையில் காகத்தின் எச்சம் போல ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. முகத்தைச் சுளித்துக்கொண்டு அதைச் சுண்டி எறிகிறோம். இலையைக் கழுவுகிறோம், தாளிக்கிறோம், மறந்தும் விடுகிறோம்.

சகோதரிகளே, நானும் இருபது வருடங்களாக அப்படித்தான் செய்து வந்தேன். அது எச்சமல்ல, ஒரு வண்ணத்துப்பூச்சியின் குஞ்சு என்று எனக்குச் சொல்லித் தந்தவள் என் இளைய மகள். ஒரு காலத்தில் வண்ணத்துப்பூச்சியைக் கண்டாலே கதவைச் சாத்திக்கொண்டவள் அவள். அந்தப் பயம் எப்படி வந்தது, எப்படிப் போனது என்பதை உங்களோடு பகிர்ந்துகொள்வதால் பயனுண்டு என்று நினைக்கிறேன்.

எல்லாமே எதிரியாகிய நாட்கள்

2017ஆம் ஆண்டை நம் நாட்டுத் தாய்மார் இலகுவில் மறக்க மாட்டார்கள். அந்த ஒரே வருடத்தில் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவானார்கள். அவர்களில் என் மகளும் ஒருத்தி. அப்போது அவளுக்கு எட்டு வயது. ஆறு நாட்கள் வைத்தியசாலைக் கட்டிலருகே இருந்தேன். ஒவ்வொரு முறையும் இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை என் உயிர் என்னிடம் இருக்கவில்லை. அல்ஹம்து லில்லாஹ், பிள்ளை சுகமாகி வீடு வந்தாள்.

ஆனால் பயமும் எங்களோடு வீடு வந்தது. நான் காலையும் மாலையும் பூச்சி மருந்து அடித்தேன். குசினி, படுக்கையறை, யன்னல், பூஞ்செடிகள் என்று எதையும் விடவில்லை. மகளோ முற்றத்தில் கால் வைக்க மறுத்தாள். தும்பி பறந்தால் அலறுவாள். எறும்பைக் கண்டால் கட்டிலில் ஏறி நிற்பாள். ஒருநாள் செவ்வரத்தைப் பூவில் வந்து அமர்ந்த வண்ணத்துப்பூச்சியைக் காட்டி, “உம்மா, அது என்னைக் கடிச்சா நான் மௌத்தாகிருவேனா?” என்று கேட்டாள். எனக்கு நெஞ்சு அடைத்தது.

விஞ்ஞான ஆசிரியையான என் ராத்தா அந்த வார இறுதியில் வீட்டுக்கு வந்திருந்தார். நிலைமையைப் பார்த்துவிட்டு என்னைத்தான் கண்டித்தார்.

“நீ பிள்ளைக்கு நுளம்பைக் காட்டிக் கொடுக்கல்ல. எல்லாத்துக்கும் பயப்படத்தான் பழக்கியிருக்காய். எது எதிரி என்று தெரியாட்டி எப்படித் தற்காத்துக்கொள்ளுறது?”

போகும்போது, திரையில் கீறல் விழுந்த தன் பழைய கையடக்கத் தொலைபேசியை மகளிடம் கொடுத்தார். “இதால கதைக்க ஏலாது. படம் மட்டும் எடுக்கலாம். ஆறு கால் உள்ள எதைக் கண்டாலும் ஒரு படம் எடுத்து வை. அடுத்த முறை வந்து பார்ப்பேன்.”

முதல் படம்

மகள் எடுத்த முதல் படம் எங்கள் கிணற்றடியில் கிடந்த சிரட்டைக்குள் இருந்தது. மழைநீர் தேங்கிய அந்தச் சிரட்டையில் நூல் துண்டுகள் போலச் சில நெளிந்துகொண்டிருந்தன. படத்தைப் பெருப்பித்துப் பார்த்தபோது, தலை கீழாகவும் வால் நுனி நீர்மட்டத்தைத் தொட்டபடியும் அவை தொங்குவது தெரிந்தது. நுளம்புக் குடம்பிகள் வாலிலுள்ள குழாயாலேயே மூச்சு விடுகின்றன என்று ராத்தா தொலைபேசியில் விளக்கினார்.

நான் இரு வேளையும் மருந்து அடித்த வளவில், என் கண்முன்னேயே டெங்கு நுளம்பு பெருகக்கூடிய இடம் இருந்திருக்கிறது! அன்று மகளும் நானும் சேர்ந்து சிரட்டைகள், பூச்சாடித் தட்டுகள், குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, பீலி எல்லாவற்றையும் தேடிப் பார்த்தோம். நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. டெங்கைப் பரப்பும் நுளம்பு பாத்திரத்தின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே முட்டையிடும். அம்முட்டைகள் நீரின்றி மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே உட்புறத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

பின்னர் ஒரு மாலைப் பொழுதில் யன்னல் திரையில் அமர்ந்திருந்த நுளம்பையும் படமெடுத்தோம். கறுப்புக் கால்களில் வெள்ளை வளையங்கள். எங்களை ஆறு நாட்கள் அழவைத்த இனம் இதுதான். மகள் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “இவ்வளவு சின்னனா?” என்றாள். அன்றைக்குப் பிறகு அவள் தும்பியைக் கண்டு அலறவில்லை. தும்பியின் குஞ்சுகள் நீருக்குள் வாழ்ந்து நுளம்புக் குடம்பிகளைத் தின்கின்றன, வளர்ந்த தும்பி நுளம்பைப் பறந்து பிடிக்கின்றது என்று அறிந்ததும் அது அவளுக்குத் தோழியாகிவிட்டது. நான் அடித்த மருந்து இந்தத் தோழிகளையும் சேர்த்தே கொன்றிருக்கும்.

கறிவேப்பிலையில் பிறந்த பிள்ளைகள்

இனி அந்த ‘எச்ச’த்துக்கு வருவோம். கறிவேப்பிலை, தேசி, தோடை ஆகியவற்றின் இளந்தளிர்களில் சில வண்ணத்துப்பூச்சிகள் வெளிர்மஞ்சள் மணிபோன்ற முட்டைகளை ஒவ்வொன்றாக இட்டுச் செல்லும். சில நாட்களில் பொரிக்கும் புழு கறுப்பும் வெள்ளையுமாகப் பறவை எச்சம் போலவே இருக்கும். எந்தக் குருவி தன் எச்சத்தைத் தானே தின்னும்? அதுவே அதற்குக் காவல். வளர்ந்ததும் தோலுரித்து இலையின் பச்சை நிறத்துக்கு மாறிவிடும். மெதுவாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு சிவந்த கொம்புகளை நீட்டி ஒருவித நாற்றத்தைப் பரப்பும். மகள் அந்தக் கணத்தைப் படம்பிடிக்க மூன்று நாட்கள் காத்திருந்தாள்.

ஒரு புழு கூட்டுப்புழுவாகி, இடுப்பில் ஒரு பட்டு நூலைக் கட்டிக்கொண்டு தண்டில் சாய்ந்து நின்றது. மகள் ஒவ்வொரு நாளும் பாடசாலை விட்டு வந்ததும் அதைத்தான் முதலில் பார்ப்பாள். பத்து நாட்களுக்குப் பின் அதில் ஒரு சிறு துளை தெரிந்தது. வண்ணத்துப்பூச்சி வரவில்லை. அரிசிக் குருணையிலும் சிறிய குளவிகள் பல அதிலிருந்து வெளியேறிப் பறந்தன. வேறொரு பூச்சி அதற்குள் முட்டையிட்டு, அதன் பிள்ளைகள் உள்ளிருந்தே தின்று வளர்ந்திருக்கின்றன. மகள் அன்று சாப்பிடவில்லை.

நான் எப்படி ஆறுதல் சொல்வது என்று தெரியாமல் இருக்க, எங்கள் உம்மாதான் பேத்தியை மடியில் இழுத்துக்கொண்டார். “மகள், எல்லாப் புழுவும் பூச்சியானா நம்மட கறிவேப்பிலை மரத்தில ஒரு இலை மிஞ்சுமா? அதுக்கும் ஒரு அளவு வெச்சுத்தான் அல்லாஹ் படைச்சிருக்கான். தேனீயின்ட பேரிலும் எறும்பின்ட பேரிலும் குர்ஆன்ல சூறாவே இருக்கு. சும்மாவா?” என்றார். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தத் துளையையும் படமெடுத்தாள்.

இரண்டாவது கூட்டிலிருந்து ஒரு காலை நேரத்தில் கரிய சிறகும் சிவந்த புள்ளிகளுமாக ஒரு பெண் வண்ணத்துப்பூச்சி வந்தது. அதன் ஆணுக்கோ சிவப்பு இல்லை. கீழ்ச் சிறகில் வெள்ளைப் புள்ளிகளின் வரிசை மட்டுமே. காரணம் வியப்பானது. ஆடுதீண்டாப்பாளைக் கொடியைத் தின்று வளரும் வேறோர் இனம் நஞ்சுடையது என்பதால் பறவைகள் அதைத் தீண்டா. நஞ்சில்லாத இந்தப் பெண் அதன் சிவப்புச் சேலையை உடுத்துக்கொண்டு தப்புகிறது.

சுவரில் ஒரு மண் வீடு

குளவி ஒரு புழுவைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டித் தன்னைப் போலாக்கும் என்று நாம் சிறுவயதில் கேட்டிருக்கிறோம். எங்கள் யன்னல் ஓரத்தில் மண் வீடு கட்டிய குளவியை நாள்தோறும் படமெடுத்தபோது உண்மை வேறாக இருந்தது. பெண் குளவி தனியாகவே மண்ணைக் குழைத்துக் கொண்டுவந்து அறை கட்டுகிறது. கொட்டி மயக்கிய புழுக்களை உள்ளே அடுக்கி, ஒரு முட்டையும் இட்டு வாயிலை மூடுகிறது. முட்டையிலிருந்து வரும் பிள்ளைக்கு அந்தப் புழுக்களே உணவு. புழு குளவியாவதில்லை, தாய் கட்டிக் கொடுத்த சோற்றுப் பொதி அது.

எங்கள் மணல் முற்றத்தில், மழை படாத கூரை ஓரத்தில், புனல் போன்ற சிறு குழிகள் உண்டு. அடியில் குழியானை ஒளிந்திருக்கும். தவறி விழும் எறும்பு ஏறித் தப்பப் பார்த்தால் மணலை வீசிச் சரிக்கும். அதன் அசிங்கமான உருவம் ஒருநாள் தும்பி போன்ற மெல்லிய சிறகுகளோடு பறந்து போகும் என்றால் நம்புவீர்களா?

அன்றே பார்த்த ஒரு பெண்

“பூச்சி பார்ப்பது பெண் பிள்ளைக்கு எதற்கு?” என்று கேட்ட உறவினரும் உண்டு. அவர்களுக்கு ராத்தா மரியா சிபில்லா மேரியன் என்பவரின் கதையைச் சொல்வார். 1647இல் ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரில் பிறந்த இவர், பதின்மூன்று வயதிலேயே பட்டுப்புழு வளர்த்துப் பார்க்கத் தொடங்கினார். பூச்சிகள் சேற்றிலும் அழுகலிலும் தாமாகத் தோன்றுகின்றன என்று பலரும் நம்பிய காலம் அது. முட்டை, புழு, கூடு, சிறகு ஆகிய பருவங்களை, அது உண்ணும் செடியோடு சேர்த்து வரைந்து காட்டினார். கூட்டிலிருந்து வண்ணத்துப்பூச்சிக்குப் பதில் வேறு பூச்சிகள் வந்ததையும் குறித்து வைத்தார். 1699இல், ஐம்பத்திரண்டு வயதில், இளைய மகளை அழைத்துக்கொண்டு தென் அமெரிக்காவின் சுரினாமுக்குக் கப்பலேறினார். நோயுற்று 1701இல் திரும்பினாலும், 1705இல் அந்நாட்டுப் பூச்சிகள் பற்றிய தன் பெரும் நூலை வெளியிட்டார். அவர் கையில் தூரிகை இருந்தது. நம் கையில் தொலைபேசி இருக்கிறது.

நீங்களும் எடுக்கலாம்

விலையுயர்ந்த கமரா தேவையில்லை. எங்கள் அனுபவத்தில் கண்டவை இவை:

1. முதலில் தொலைபேசியின் கண்ணாடியை மெல்லிய துணியால் துடையுங்கள். சமையல் செய்த கையின் எண்ணெய் படிந்திருந்தால் படம் மங்கும்.

2. சுபஹுக்குப் பின், வெயில் ஏறுமுன் போங்கள். குளிர்ந்த உடலோடு இருக்கும் பூச்சிகள் சுறுசுறுப்படைய நேரமாகும்.

3. நின்றபடி மேலிருந்து எடுக்காதீர்கள். குந்தி இருந்து, முழங்கையை முழங்காலில் ஊன்றி, பூச்சியின் கண் மட்டத்தில் எடுங்கள். கண் தெளிவாக இருந்தால் படமே உயிர்பெறும்.

4. உங்கள் நிழல் அதன்மேல் விழாமல், மெதுவாக நெருங்குங்கள். மிகவும் நெருங்கினால் படம் தெளியாது. சற்றுப் பின்வாங்கி எடுத்துவிட்டுப் பின்னர் வெட்டிக்கொள்ளலாம்.

5. கடும் வெயிலில் ஒருவர் வெள்ளைத் தாளைப் பிடித்தால் நிழல் பக்கமும் வெளிச்சமாகும்.

6. திகதி, இடம், செடியின் பெயர் மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒரே பூச்சியைப் பல நாட்கள் எடுப்பதில்தான் கதை இருக்கிறது.

7. படத்துக்காகப் பூச்சியைப் பிடிக்கவோ, சிறகைப் பிடுங்கவோ, கூட்டை உடைக்கவோ விடாதீர்கள். குளவிக் கூட்டம், தேனடை, மயிர்க்கொட்டி ஆகியவற்றுக்குப் பிள்ளைகள் தூரத்தில் நிற்கட்டும்.

எங்கள் வளவில் இப்போது இரண்டு கறிவேப்பிலைச் செடிகள் நிற்கின்றன. கிணற்றடியில் இருப்பது சமையலுக்கு. வேலியோரத்தில் நிற்பது புழுக்களுக்கு. என் செடியில் புழுவைக் கண்டால் மகள் ஈர்க்கோடு எடுத்து மற்றதில் வைத்துவிடுவாள். மருந்துப் போத்தல் அலுமாரியின் மேல் தட்டில் தூசு பிடித்துக் கிடக்கிறது. ஆனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமை காலையும் சிரட்டை, சாடி, பீலி பார்க்கும் வேலை மட்டும் தவறுவதில்லை. அந்த வேலையைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டவள் மகள்தான். முன்பு முற்றத்துக்கு வரவே பயந்தவள், இன்று கையில் தொலைபேசியோடு எனக்கு முன்னால் இறங்கிப் போகிறாள்.