நகம் கடிக்கும் பிள்ளையும் நமது நாவும்



பிள்ளைகள் நகம் கடிப்பதும், மூக்கில் விரல் விடுவதும், கழுவாத கையை உணவில் வைப்பதும் நமது இல்லங்களில் அன்றாடம் காணும் காட்சிகளாகும். கண்டதும் நம்மில் அனேகர் என்ன செய்கின்றோம்? உம்மா கையில் அடிக்கிறார். மூத்தம்மா விரலில் மிளகாயைத் தேய்க்கச் சொல்கிறார். வாப்பாவோ, வந்த விருந்தினர் முன்னிலையில் பிள்ளையின் விரல்களைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறார். பிள்ளை அப்போதைக்குக் கையை எடுத்துவிடும். பின்னர் கதவுக்குப் பின்னால் நின்று கடிக்கும்.

நகம் வெட்டுவதை நபி (ஸல்) அவர்கள் இயற்கை நெறியாகிய பித்ராவின் ஐந்து காரியங்களுள் ஒன்றாகக் கூறியதை அபூஹுரைரா (ரழி) அவர்கள் அறிவிக்கிறார்கள். நாற்பது நாட்களுக்கு மேல் வெட்டாமல் விடலாகாது என்ற எல்லையை அனஸ் (ரழி) அவர்களின் அறிவிப்பில் காண்கிறோம். கைவிரல் நகம் மாதத்திற்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் வளர்கிறது. எனவே நாற்பது நாள் என்பது கடைசி எல்லையே. வாவிக் கரைச் சேற்றிலும் மணலிலும் விளையாடும் பிள்ளைக்கு வாரம் ஒரு முறை வெட்டிவிடுவதே பொருத்தம். வெள்ளிக்கிழமை வெட்டுவது நல்ல வழக்கம்தான். ஆனால் செவ்வாய்க்கிழமை வெட்டினால் தரித்திரம் வரும், இன்ன விரலில்தான் தொடங்க வேண்டும் என்பனவெல்லாம் நாமாகச் சேர்த்துக்கொண்டவை. நகம் வெட்டும் முறை பற்றியோ அதற்கென ஒரு கிழமை பற்றியோ நபியவர்களிடமிருந்து எதுவும் உறுதியாக வரவில்லை என ஹிஜ்ரி 902இல் மறைந்த இமாம் ஸகாவீ (ரஹ்) அவர்கள் தெளிவுபடுத்தியுள்ளார்கள்.

இப்பழக்கத்தால் விளையும் தீங்கு சிறிதல்ல. கீரிப்பூச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பெண் பூச்சி இரவில் வெளியே வந்து மலவாயைச் சுற்றி முட்டையிடுகிறது. அரிப்புத் தாங்காமல் பிள்ளை தூக்கத்தில் சொறிகிறது. கண்ணுக்குத் தெரியாத அம்முட்டைகள் நகத்தின் அடியில் தங்குகின்றன. காலையில் அதே விரல் வாய்க்குப் போகிறது. பூச்சி மீண்டும் குடலுக்குள் குடியேறுகிறது. மருந்து கொடுத்தும் பூச்சி போகவில்லை என்று சில தாய்மார் சலிப்பதற்கு இச்சுழற்சியே பெரும்பாலும் காரணமாகும். முட்டைகள் பாயிலும் தலையணையிலும் இரண்டு மூன்று வாரங்கள் வரை உயிருடன் இருக்கக்கூடியவை. ஆகவே வைத்தியர் ஆலோசனைப்படி வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நாளில் மருந்து எடுத்து, இரண்டு வாரத்தின் பின் மீண்டும் ஒரு முறை எடுப்பது வழக்கம். படுக்கை விரிப்புகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள்.

சரி, பிள்ளை ஏன் கடிக்கிறது? சில வேளை வெறும் சலிப்பு. சில வேளை உள்ளே ஓர் அச்சம். அச்சம் என்பது எமது பிரதேசத்திற்குப் புதியதல்ல. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியில் இஷாத் தொழுகையில் இருந்தோர் இரு பள்ளிவாசல்களில் கொல்லப்பட்டதையும், 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறி வந்ததையும் கண்ட சிறுவர்கள் தம் பயத்தை வாயால் சொல்லத் தெரியாதவர்களாகவே இருந்தார்கள். யுத்தம் நடந்த அக்காலத்தில், 1996ஆம் ஆண்டளவில், மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கப்பட்டது. கனடியக் கலைஞர் போல் ஹோகனும் இயேசு சபையைச் சேர்ந்த போல் சற்குணநாயகம் அடிகளாரும் அதில் முன்னின்றார்கள். தமிழ், முஸ்லிம் கிராமங்களின் பிள்ளைகள் அங்கே களிமண் பிசைந்தார்கள், வர்ணம் தீட்டினார்கள், கதை சொன்னார்கள். ஏன் பயப்படுகிறாய் என்று அதட்டாமல், கைகளுக்கு வேலை கொடுத்து மனதைத் திறக்கும் வழி அது. இன்றைய பிள்ளைக்குத் தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சையே போதும். பெற்றோர் சண்டையிடும் இரவுகளைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

நபியவர்கள் வளர்ப்பு மகனான உமர் இப்னு அபீ ஸலமாவைத் திருத்திய விதத்தைப் பாருங்கள். சிறுவனின் கை தட்டெங்கும் அலைந்தது. அன்னார் கையில் அடிக்கவில்லை, முகம் சுளிக்கவில்லை. பிஸ்மில்லாஹ் கூறி, வலது கையால், தன் பக்கத்திலிருப்பதை உண்ணுமாறு அன்போடு கற்றுக்கொடுத்தார்கள். அச்சிறுவர் வளர்ந்தபின், அன்று முதல் தமது உண்ணும் முறை அதுவாகவே ஆனதென்று தாமே அறிவித்தார். "செய்யாதே" என்பதோடு நிறுத்தாமல், செய்ய வேண்டியதைச் சொன்னார்கள் என்பதைத் தாய்மார் கவனிக்க வேண்டும். பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரழி) அவர்கள் ஒரு "சீ" என்ற சொல்லைக்கூடக் கேட்டதில்லையே!

ஆகவே, விரல் வாய்க்குப் போகும் நேரத்தை முதலில் கவனியுங்கள். தொலைக்காட்சிக்கு முன்பா? வீட்டுப் பாடத்திலா? மத்ரஸாவில் பாடம் ஒப்புவிக்கக் காத்திருக்கும்போதா? அந்நேரத்தில் கைக்கு ஒரு பந்தோ, களிமண்ணோ, பின்னுவதற்கு ஓலையோ கொடுங்கள். கடித்த நகத்தின் சொரசொரப்பான விளிம்பே மீண்டும் கடிக்கத் தூண்டும். அதை வெட்டி, அராவி மழுமழுப்பாக்கிவிடுங்கள். பெண் பிள்ளைக்கு மருதோன்றி இட்டுவிட்டால், அந்த அழகைக் காக்க அவளே முயல்வாள். (நகப்பூச்சு வுழூவின் நீரைத் தடுக்கும், மருதோன்றியின் நிறம் தடுக்காது.) வேப்பெண்ணெய் பூசுவதானால் பிள்ளையின் சம்மதத்தோடு, நினைவூட்டலாகப் பூசுங்கள், தண்டனையாக வேண்டாம். மிளகாய் அறவே வேண்டாம், அதே விரல் கண்ணுக்கும் போகும். ஒரு நாள் கடிக்காதிருந்தால் அதைக் கண்டுகொண்டு பாராட்டுங்கள்.

நகத்தைச் சுற்றிச் சிவந்து வீங்கிச் சீழ் கட்டினால், அல்லது இரத்தம் வருமளவு கடித்து, தூக்கமும் குறைந்து, பாடசாலைக்குப் போக மறுத்தால் தாமதியாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். நீங்கள் அறியாத ஏதோ ஒன்றைக் கண்டு அப்பிள்ளை பயந்துகொண்டிருக்கலாம்.