காசு அல்ல, பாட்டரி!

நவராத்திரி சமயத்தில் ஸ்ரீரங்கத்து உத்தர வீதியிலோ சித்திரை வீதியிலோ நாலு வீடு ஏறி இறங்கியவர்களுக்குத் தெரியும். இப்போதெல்லாம் கொலுப்படியில் எண்ணெயும் திரியும் இல்லாத அகல் விளக்குகள் மினுக்குகின்றன. பட்டுப்பாவாடையில் நெருப்புப் பட்டுவிடுமே என்ற பயம் இல்லை, நல்ல காரியந்தான். ஆனால் சகோதரிகளே, அந்த விளக்கைக் கொஞ்சம் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒரு மூடி. அதற்குள்ளே ஒரு வெள்ளிப் பில்லை. ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் சிறியது. மூடியோ பல விளக்குகளில் நகத்தால் நெம்பினாலே கழன்று வந்துவிடுகிறது.

இதுதான் பட்டன் பாட்டரி. தவழுகிற குழந்தைக்கு இது பப்பர்மிட்டு மாதிரி!

"காசை முழுங்காத குழந்தை உண்டா? மறுநாள் தானே வெளியே வந்துவிடும்" என்பாள் பாட்டி. வயிற்றுக்குள் இறங்கிவிட்ட காசு பெரும்பாலும் அப்படி வந்துவிடுவது உண்மை. ஆனால் காசு சும்மா கிடக்கும். பாட்டரி வேலை செய்யுமே!

பில்லையின் முதுகில் 2032 என்று எழுதியிருக்கிறதல்லவா? குறுக்களவு 20 மில்லிமீட்டர், கனம் 3.2 மில்லிமீட்டர் என்று அதற்கு அர்த்தம். சின்னக் குழந்தையின் உணவுக்குழலில் போய்ச் சிக்கிக்கொள்ளும் அளவு. ஈரமான சதை இருபுறமும் தொட்டதும் மின்சாரம் ஓட ஆரம்பிக்கிறது. 3 வோல்ட்தான், ஷாக் அடிக்காது. ஆனால் அந்த ஓட்டத்தினால், காஸ்டிக் சோடாவைப் போன்ற கடுமையான காரம் அந்த இடத்திலேயே உற்பத்தியாகிறது. இரண்டே மணி நேரத்தில் சதை வெந்து புண்ணாகிவிடலாம். ரிமோட்டுக்கு உதவாது என்று நாம் கழற்றிப் போட்ட பாட்டரியிலும் இதற்குப் போதிய சக்தி மிச்சம் இருக்கும்.

அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தில் ரீஸ் என்ற ஒன்றரை வயதுப் பெண் குழந்தை 2020 டிசம்பரில் இப்படித்தான் இறந்துபோயிற்று. முதலில் ஏதோ சளி, இருமல் என்றே எல்லோரும் நினைத்தார்கள். பிறகுதான் ரிமோட்டில் பாட்டரி இல்லாததைத் தாய் கவனித்தாள். அதற்குள் உணவுக்குழலையும் மூச்சுக்குழலையும் துளைத்துவிட்டது. அந்தத் தாய் சும்மா இருக்கவில்லை. பாட்டரி மூடியைக் குழந்தை திறக்க முடியாதபடி செய்யவேண்டும் என்று 2022-ல் அங்கே சட்டமே வந்தது. அதற்குக் குழந்தையின் பெயர்தான்.

ஜொள்ளு, இருமல், சாப்பிட மறுப்பது, வாந்தி. இவ்வளவுதான் அடையாளம், சில குழந்தைகளிடம் இதுவும் இராது. ஆகையால் பில்லை ஒன்று காணவில்லை, குழந்தை அருகில் விளையாடிக்கொண்டிருந்தது என்றால், முழுங்கிற்றா இல்லையா என்று பட்டிமன்றம் வேண்டாம். வாழைப்பழமும் வேண்டாம், சோற்று உருண்டையும் வேண்டாம். விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பது கூடவே கூடாது. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டிப் புத்தூர் பெரியாஸ்பத்திரிக்குப் போகவேண்டுமானால் அந்த நேரமும் இரண்டு மணிக் கணக்கில் சேர்த்திதான். "பட்டன் பாட்டரியாக இருக்கலாம்" என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள். எக்ஸ்ரேயில் காசு ஒற்றை வட்டமாகத் தெரியும். பாட்டரிக்கு ஓரத்தில் இரட்டை வளையம் தெரியும்.

அடுக்களையில் உள்ள ஒன்று மட்டும் உதவும்: தேன். 2018-ல் அமெரிக்க டாக்டர்கள் மிருகங்களிடம் சோதித்து, தேன் அந்தக் காரத்தின் வேகத்தைத் தணிக்கிறது என்று கண்டார்கள். ஒரு வயது நிறைந்த குழந்தை, முழுங்கி 12 மணி நேரம் ஆகவில்லை, விழுங்கவும் முடிகிறது என்றால், பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் இரண்டு டீஸ்பூன், ஆறு தரம் வரை. ஒரு வயதுக்குட்பட்டதற்குத் தேன் ஆகாது. தேன் சீசாவைத் தேடிக்கொண்டு வீட்டில் நிற்காதீர்கள். போகிற வழியில் கொடுங்கள்.

மூக்கிலோ காதிலோ திணித்துக்கொண்டாலும் இதே அவசரந்தான்.

இன்று மத்தியானம் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். ரிமோட், தர்மாமீட்டர், சமையலறைத் தராசு, கார்ச் சாவி, தெப்பக்குளத்துக் கடையில் வாங்கின மினுக்கு பொம்மை. திருகாணி இல்லாத மூடிக்கு மேல் அழுத்தமாக ஒரு டேப். தீர்ந்த பில்லையை டேப்பால் சுற்றி எட்டாத உயரத்தில் வையுங்கள். கொலு முடிந்து பொம்மைகளைத் துணி சுற்றிப் பெட்டியில் அடுக்குகிறபோது அகல்களிலிருந்தும் எடுத்துவிடுங்கள். எட்டு விளக்கு வாங்கியிருந்தால், எட்டு பில்லையும் எண்ணிக்கைக்கு வந்தாகவேண்டும்.